சிறைவாசிகளின் குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் விழா: உதவப் போகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

2022 டிசம்பர் முதல் வாரம். ஞாயிறு பூசை முடிந்ததும், சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு நடக்கும் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஆள் வேண்டும் என்று பங்கில் அறிவித்தார்கள். உடனே போய்ப் பெயர் கொடுத்தேன். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விழா நாளில் பந்தி பரிமாறும்போது ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனிடம், "அப்பா வரலையாப்பா?" என்று கேட்டுவிட்டேன். எந்த விசேஷ வீட்டிலும் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விதான். அவன் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் ஆச்சியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த விழாவில் ஏதாவது ஒரு வேலை பார்த்து, தப்புச் செய்து, திருத்திக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது பாளையங்கோட்டையில். இங்குள்ள மத்திய சிறைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டக் குடும்பங்களும் வந்து போகின்றன. நீங்கள் மதுரையிலோ திருச்சியிலோ கோவையிலோ புழல் பக்கமோ இருந்தால் ஊரும் தூரமும் மாறும், வேலை பெரும்பாலும் இதேதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். விழாவுக்கு வருகிறவர்களில் பலர், தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் இதைச் சுமந்துகொண்டிருப்பவர்கள். வாடகை வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார், பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் இருக்கிறது. போன் பேசுவதிலிருந்து பை தைக்கக் கொடுப்பது வரை, நம்மால் அது வெளியே தெரிந்துவிடக் கூடாது. கீழே நான் சொல்கிற எச்சரிக்கைகளில் பாதி இதற்காகத்தான்.

1. யாரிடம், எப்போது பெயர் கொடுப்பது

டிசம்பரில் பெயர் கொடுத்தால் பந்தி பரிமாறுவதைத் தவிர வேறு வேலை கிடைக்காது. ஆகஸ்டில் கொடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு உங்கள் மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவின் தொடர்பு எண்ணைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்குங்கள். தேசிய அளவில் 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா' என்ற அமைப்பின் கீழ் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் போதகரிடம் கேட்டால், சிறை ஊழியத்துக்குப் போய்வருகிற ஆட்களைக் காட்டுவார். எந்தச் சபை என்பதை இந்த வேலையில் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எங்கள் குழுவிலேயே மூன்று சபைக்காரர்கள் இருக்கிறோம்.

நேராகச் சிறை வாசலுக்குப் போய், "உதவி செய்ய வந்திருக்கிறேன்" என்று நிற்காதீர்கள். வெளியாட்கள் எந்த நிகழ்ச்சிக்கும் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, ஏற்கெனவே போய்வருகிற குழுவின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். முதல் வருடமே நீங்களாகத் தனி விழா நடத்தவும் முயல வேண்டாம். குடும்பங்களின் பட்டியல் உங்களிடம் இருக்காது, அதைக் கேட்டு அலையவும் கூடாது. சிறைக்குள் போய்வரும் அருட்சகோதரிகளும் அருட்பணியாளர்களும் சிறைவாசிகளிடம் நேரில் பேசி, சம்மதம் வாங்கி, சிறையின் நல அலுவலருக்கும் தெரிந்த பிறகுதான் பட்டியல் உருவாகிறது. இதற்கே இரண்டு மாதம் பிடிக்கும்.

பெயர் கொடுக்கும்போது என்ன வேலைக்கு வருகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். போன் பேசுவது, பரிசு வாங்குவது, பேருந்து நிலையத்தில் வரவேற்பது, சமையல், பிள்ளைகளுக்கு விளையாட்டு, கடித வேலை எனப் பிரிவுகள் உண்டு. கடித வேலைக்குப் போகிறவர்கள்தான் சிறைக்குள் போக நேரும். மற்ற எதற்கும் சிறை அனுமதி தேவையில்லை. பலர் பயந்து பின்வாங்குவது இது தெரியாமல்தான்.

2. தாள்கள்

குழு உங்களிடம் கேட்பவை இவை: ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் மூன்று, உங்களைத் தெரியும் என்று பங்குத்தந்தையோ போதகரோ முத்திரையோடு தரும் கடிதம், அப்புறம் ஓர் உறுதிமொழித் தாள். குடும்பங்களின் பெயர், ஊர், வழக்கு எதையும் வெளியே சொல்ல மாட்டேன், படம் எடுக்க மாட்டேன், தனியாக எந்தக் குடும்பத்தோடும் பணம் கொடுக்கல் வாங்கல் வைக்க மாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியில் சொன்னதைத்தான் நல்ல மனசுக்காரர்கள் அடிக்கடி மீறுகிறார்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லாரும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று தர வேண்டும் என்று எங்கள் குழு வைத்திருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நான் கட்டியது 500 ரூபாய். நீங்கள் இருக்கும் முகவரி ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். என் ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தது. காவலர் அங்கே போய் விசாரித்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று எழுதிவிட்டார். முகவரியை மாற்றி மறுபடியும் விண்ணப்பித்துச் சான்று வாங்க மொத்தம் ஏழு வாரம் ஆனது. செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பரிசுப் பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயர் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேரின் சம்மதம் வேண்டும்: உள்ளே இருக்கும் அப்பா அல்லது அம்மா, வெளியே பிள்ளையை வளர்ப்பவர். ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால் விட்டுவிடுவதே சரி. கணவனோடு இனி எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கும்.

3. நாள் குறிப்பதில் இருக்கும் சிக்கல்

இதைப் புதியவர்கள் முடிவு செய்வதில்லை. ஆனாலும் கூட்டத்தில் உட்காரும்போது பேச வேண்டி வரும், அதனால் சொல்கிறேன்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுதான் பிடிக்கும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அது ஆபத்தான நாள். 2023-ல் நாங்கள் குறித்தது டிசம்பர் 17, ஞாயிறு. அன்றைய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து ஓடியது. காலையில் அரிசி ஊறிக்கொண்டிருக்கும்போது விழாவை நிறுத்தினோம். அதற்குள் கிளம்பி வந்துவிட்ட இரண்டு குடும்பங்கள் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் பங்கு மண்டபத்திலேயே தங்கின. வடகிழக்குப் பருவமழை ஓயாத நாளில், கடலோரக் கிராமங்களிலிருந்து கைக்குழந்தையோடு வரச் சொல்லக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டோம்.

மழையை விட்டாலும் அரையாண்டுத் தேர்வு இருக்கிறது. அது பொதுவாக டிசம்பர் 23 வாக்கில்தான் முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தேர்வுக்கு நடுவில் விழாவுக்குக் கூப்பிட முடியாது. இதையெல்லாம் பார்த்து இப்போது நாங்கள் வைப்பது டிசம்பர் 27-லிருந்து 30-க்குள் ஒரு நாள். பள்ளி விடுமுறை, மழையும் பெரும்பாலும் குறைந்திருக்கும், கடைகளில் கூட்டமும் இருக்காது. வழிபாட்டு ஆண்டின்படி அது கிறிஸ்து பிறப்புக் காலம்தான், குடிலும் அப்படியே இருக்கும். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் விழா. அந்த நாள் அமைந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சுருக்கமாகக் காலக் கணக்கு: ஆகஸ்டில் பெயர் கொடுப்பது, செப்டம்பரில் சான்றுகள், அக்டோபரில் உள்ளே சம்மதமும் கடித அனுமதியும், நவம்பர் முதல் பாதியில் போன், இரண்டாம் பாதியில் பரிசு வாங்குவது, டிசம்பர் 20-க்குள் பொட்டலம் கட்டி முடிப்பது.

4. போனில் கூப்பிடுவது

பார்த்தால் எளிதான வேலை போலத் தெரியும். மொத்த விழாவிலும் கடினமானது இதுதான். தயவுசெய்து எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

முதல் அழைப்பில் நான், "பாளையங்கோட்டை ஜெயில் விஷயமா பேசுறேம்மா" என்று தொடங்கினேன். அந்தப் பக்கம் ஓர் அலறல். கணவருக்கு ஏதோ ஆகிவிட்டது, உடலை வாங்க வரச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். சமாதானப்படுத்தவே பத்து நிமிடம் ஆனது. ஜெயில், கேஸ், போலீஸ் என்ற சொற்கள் முதல் நிமிடத்தில் வாயில் வரவே கூடாது. இப்போது இப்படித் தொடங்குகிறேன்: "வணக்கம் அக்கா, நான் பாளையங்கோட்டைக் கோயில்லருந்து பேசுதேன். எல்லாரும் நல்லா இருக்காங்க, நல்ல விஷயந்தான். இப்ப பேசலாமா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" யாராவது இருக்கிறார்கள் என்றால், எப்போது கூப்பிடட்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். பையன் எடுத்தால் "அம்மாட்ட குடுப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த தடை சந்தேகம். ஜாமீன் எடுத்துத் தருகிறேன், வக்கீல் பீஸ் அனுப்புங்கள் என்று ஏமாற்றுகிறவர்களிடம் ஏற்கெனவே பணம் இழந்தவர்கள் இவர்கள். நாமாகவே சொல்லிவிட வேண்டும்: "நாங்க பணம் கேக்க மாட்டோம், ஓடிபி, பேங்க் நம்பர் எதுவும் கேக்க மாட்டோம். அடுத்த மனு பாக்கப் போகும்போது அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க, அவங்க பேர் குடுத்துதான் கூப்பிடுறோம்." மனு என்றால் சிறையில் போய் நேரில் பார்த்துப் பேசுவது. குடும்பங்கள் எல்லாரும் சொல்கிற சொல் அது. பெரும்பாலும் அடுத்த மனுவுக்குப் பிறகு அவர்களே கூப்பிட்டு வருவதாகச் சொல்வார்கள். அதனால்தான் நவம்பர் முதல் பாதியிலேயே தொடங்க வேண்டும்.

இது கிறிஸ்துமஸ் விழா, ஜெபம் இருக்கும், பாட்டு இருக்கும் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள், சில முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பரிசு வாங்க எதற்கும் உட்கார வேண்டியதில்லை, ஜெபத்தில் சேர விருப்பமில்லாதவர்கள் அந்த இருபது நிமிடம் கழித்தே வரலாம் என்று தெளிவாகச் சொல்வோம். சொல்லாமல் வரவழைத்து உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். இல்லாதவர்களின் தேவையைப் பிடித்து இழுப்பதுதான் அது.

அழைப்பில் கேட்டுக் குறிக்க வேண்டியவை: எத்தனை பேர் வருவார்கள், எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது, உடையளவு, சாப்பாட்டில் விலக்கு ஏதாவது உண்டா. அப்புறம், மிக முக்கியமான கேள்வி: "அப்பா எங்க இருக்காங்கன்னு பிள்ளைக்குத் தெரியுமா?" சவூதியில் வேலை, கப்பலில் வேலை என்று சொல்லி வளர்க்கப்படுகிற பிள்ளைகள் நிறைய. பதிலைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். விழா நாளில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

5. பரிசு வாங்குவது

ஒரு பிள்ளைக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறோம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வசதியான நண்பர் ஒருவர் தான் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் சைக்கிள் வாங்கி வந்தார். மற்ற அறுபத்தொன்பது பிள்ளைகளும் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் தர நினைப்பவர்கள் பொது நிதியில் போடட்டும்.

உடை என்றால் வயதைச் சொல்லி வாங்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் பலர் வயதுக்குச் சிறியதாக இருப்பார்கள். இப்போது போட்டிருக்கிற சட்டையின் கழுத்துப் பட்டியில் 24, 26, 28 என்று எண் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, அதைவிட ஓர் அளவு கூட்டி வாங்குங்கள். கடையில், மாற்ற வேண்டி வந்தால் ஜனவரி 10 வரை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு கடையில் வாயால் சொன்னதை நம்பிப் பதினெட்டு உருப்படிகளோடு திரும்பி வந்தோம்.

ஸ்கூல் பேக், நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், காலணி வேண்டாம். அரசுப் பள்ளியில் அவையெல்லாம் இலவசமாகவே வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கேரம் காய்ன், இறகுப்பந்து மட்டை, நல்ல வண்ணப் பென்சில் பெட்டி. பதின்மூன்றுக்கு மேற்பட்டவர்களைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பொம்மையும் பொருந்தாது, புடவையும் பொருந்தாது. நேரடியாகக் கேட்டுவிடுங்கள். போன வருடம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டது கைக்கடிகாரம், தேர்வுக்கூடத்துக்குப் போட்டுப் போக. ஒரு பையன் கேட்டது கிரிக்கெட் பந்து ஆறு. இருவருக்கும் 350-க்குள் வாங்க முடிந்தது.

பொட்டலத்தின் மேல் பிள்ளையின் பெயர் மட்டும் போதும், இனிஷியல் வேண்டாம். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயர், செய்தித்தாளில் வந்த பெயராகவும் அது இருக்கலாம். நன்கொடை கொடுத்தவர் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது. பரிசு, உள்ளே இருக்கும் அப்பாவோ அம்மாவோ கொடுப்பதாகத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் 'ஏஞ்சல் ட்ரீ' என்ற பெயரில் தேவாலயங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற வேலையும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. "அப்பா குடுத்தது" என்று ஒரு பிள்ளை சொல்ல முடிவதற்காகவே மற்றவர்கள் பணம் போடுகிறார்கள். அவரவர் பெயர் ஒட்ட வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

பை விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் மளிகைச் சாமான் கொடுத்த துணிப்பையில் 'சிறைவாசிகள் குடும்ப விழா' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் பெண்கள் சாமான்களைக் கீழே கொட்டி, பையை உள்புறம் வெளியே வரத் திருப்பி, மறுபடியும் அடுக்கிக்கொண்டு போனார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அச்சில்லாத மஞ்சள் பை. வாசலில் வைக்கும் பேனரில் 'கிறிஸ்துமஸ் விழா', அவ்வளவுதான்.

6. உள்ளிருந்து வரும் கடிதம்

பரிசோடு அப்பாவோ அம்மாவோ எழுதிய நாலு வரி வந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு துண்டுத் தாளைக்கூட உள்ளிருந்து வெளியே கொண்டுவரக் கூடாது. மனுவுக்குப் போன உறவினர் வழியாக வாங்கி வருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிக்கல் சிறைவாசிக்குத்தான் வரும். அக்டோபரிலேயே குழு சார்பில் கண்காணிப்பாளருக்கு விண்ணப்பம் கொடுத்து, தாள்களைக் கொடுத்து, ஒட்டாமல் திருப்பி வாங்கி, அவை அங்கே தணிக்கை ஆன பிறகுதான் நம் கைக்கு வரும். உள்ளே போகிறவர்கள் அசல் ஆதாரைக் கையில் வைத்திருக்க வேண்டும். போன், பணம், சாவிக்கொத்து எல்லாம் வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரைநாள் வேலை என்று நினைக்காமல் முழுநாள் விடுப்பு எடுங்கள்.

எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கலாம். நீங்களாக அழகுபடுத்தாதீர்கள். "நல்லா படி, ஆச்சி பேச்சைக் கேளு, தம்பிய அடிக்காத" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பிள்ளைக்கு அது அப்பாவின் குரல். "சீக்கிரம் வந்துருவேன்" என்று எழுதச் சொன்னால் மட்டும், நீண்ட தண்டனைக்காரராக இருந்தால், வேறு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்கலாம். போன கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்ற கடிதத்தை இன்னும் வைத்திருக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும்.

தண்டனை பெற்ற அம்மாக்கள் மதுரையில் உள்ள பெண்கள் தனிச்சிறையில் இருக்கலாம். அப்படியானால் கடிதத்துக்கு அங்குள்ள குழுவோடு பேசி இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

விழாவில் கடிதத்தை வளர்ப்பவர் கையில்தான் கொடுக்க வேண்டும், பிள்ளையிடம் நேராகக் கொடுக்கக் கூடாது. கடிதத்தில் சிறை முத்திரை இருக்கலாம். விஷயம் தெரியாத பிள்ளையாக இருந்தால் அம்மா அதை வாசித்துக் காட்டுவார், அல்லது எடுத்து வைத்துக்கொள்வார்.

7. செலவு

எங்கள் கடைசிக் கணக்கு இது, நாற்பது குடும்பம், எழுபது பிள்ளைகள், தொண்டர்களையும் சேர்த்து 145 இலை. பரிசு 24,500 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 600 வீதம் மளிகை 24,000. சாப்பாடு இலைக்கு 130 வீதம் 18,850. போக்குவரத்துக்கு 10,000. கேக், டீ, வடை 5,000. மைக், பாத்திர வாடகை 4,000. ஆக மொத்தம் 86,350. மண்டபத்துக்குப் பங்கில் வாடகை வாங்கவில்லை.

புதியவர்கள் கூட்டத்தில் முதலில் வெட்டச் சொல்வது போக்குவரத்துப் பணத்தை. "பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே" என்பார்கள். விடியல் பயணம் நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். நாகர்கோவிலிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிறவர்கள் வெளியூர்ப் பேருந்தில் முழு டிக்கெட் எடுக்க வேண்டும், ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு அரை டிக்கெட். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய கூலியும் போகிறது. போக்குவரத்துப் பணம் இல்லையென்றால், மிகவும் தேவைப்படுகிற குடும்பங்கள்தான் வராமல் நின்றுவிடும். உறையில் போட்டு, வந்து இறங்கியதுமே கொடுத்துவிடுங்கள். கடைசிவரை கையில் காசில்லாமல் திரும்பிப் போவதை நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்கள் சொந்தச் செலவு, சான்று, நகல், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டாது.

8. விழா நாள்

காலை ஒன்பதரைக்குள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் நிற்க வேண்டும். கையில் அட்டை வேண்டாம். முந்தின நாளே உங்கள் சேலை நிறத்தையோ சட்டை நிறத்தையோ போனில் சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் பதிவு மேசை வாசலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. தென்மாவட்டக் கொலை வழக்குகளில் இரு தரப்பும் உள்ளே இருப்பது உண்டு. ஒரே ஊர், எதிர் வழக்கு. அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பட்டியலை முழுதும் அறிந்த ஒரே ஒருவர், பெரும்பாலும் சிறைக்குப் போய்வருகிற சிஸ்டர், இதைப் பார்த்து இரண்டு வேளையாகப் பிரித்து வரச் சொல்வார். நீங்கள் காரணம் கேட்க வேண்டாம். பெயர் அட்டையில் ஊர்ப் பெயர் எழுதாததற்கும், ஊர் எது, தெரு எது என்று விசாரிக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். நம்மூரில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான்.

என்ன கேஸ், எத்தனை வருஷம், எப்ப விடுதலை, நிஜமாகவே செய்தாரா, இவற்றில் எதையும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் என்ன படிக்கிறாய், என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று பேசலாம். அப்பா, அம்மா, வீடு என்று போகாதீர்கள்.

நிகழ்ச்சியில் குடில் அருகே ஒரு வாசகம், இரண்டு பாட்டு, சிறிய ஜெபம், கேக் வெட்டுவது, அப்புறம் விளையாட்டு. மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பது, மனைவிமாரைச் சாட்சி சொல்லச் சொல்வது, பிரமுகரை வரவழைத்துப் பொன்னாடை போர்த்துவது எதுவும் வேண்டாம். பரிசை மேசை மேசையாகப் போய்க் கொடுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு உற்சாகம்தான், ஆனால் அழுகிற குழந்தையை அவர் மடியில் பிடித்து உட்காரவைக்க வேண்டாம்.

படம் எடுக்கவே கூடாது. நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டுமென்றால் குடிலை எடுங்கள், அடுக்கிய பரிசுகளை எடுங்கள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு முகம் தெரிந்ததால், மறு வருடம் ஒரு குடும்பம் வரவேயில்லை.

பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் யாரும் இருக்கக் கூடாது, கழிப்பறைக்கு அழைத்துப் போனாலும் இருவராகப் போங்கள். ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு உடனே குழுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

9. சாப்பாடு

சிக்கன் பிரியாணி என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் டிசம்பர் என்பது சபரிமலைக்கு மாலை போடுகிற காலம். வருகிற வீட்டில் தாத்தாவோ பையனோ மாலை போட்டிருந்தால் மொத்த வீடும் சைவமாக இருக்கும். சைவச் சாப்பாட்டைத் தனி அடுப்பில், தனிக் கரண்டியில், தனிப் பந்தியில் வையுங்கள். பந்தியில் சைவத்தைத்தான் முதலில் பரிமாற வேண்டும், மிச்சத்துக்கு வந்தவர்கள் போல அவர்கள் காத்திருக்கக் கூடாது. கோழியை ஹலால் கடையில் வாங்கிவிட்டால் முஸ்லிம் குடும்பங்களும் தயக்கமில்லாமல் சாப்பிடுவார்கள், மற்ற யாருக்கும் அதனால் குறையில்லை. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்கும் கொடுங்கள்.

10. விழா முடிந்த பிறகு

இங்கேதான் பெரும்பாலான தொண்டர்கள் காணாமல் போகிறார்கள். ஜனவரியில்தான் உங்கள் நேரம் உண்மையில் தேவைப்படும்.

விழாவில் பேசும்போது சிலருடைய தேவை தெரியவரும். வழக்கு நடத்த வக்கீல் இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பிள்ளைகளின் படிப்புக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தால் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். கேட்கிற தாள்கள்: பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், பெற்றோர் சிறையில் இருப்பதற்கான சான்று. கடைசித் தாளுக்குத்தான் ஆச்சிமார் அலைந்து ஓய்ந்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், குழு வழியாக நல அலுவலரிடம் சேருங்கள். எல்லாத் தாளும் கையில் இருந்த குடும்பத்துக்கே முதல் பணம் வர மாதங்கள் ஆயின. அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடையளவு மாறியவற்றை ஜனவரி 10-க்குள் கடையில் மாற்றி, அதே வாரம் அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் எழுதிய பதில் கடிதங்கள், வரைந்த படங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றிலும் நம் முகவரி, போன் எண் எதுவும் இல்லையா என்று பார்த்து, உறையை ஒட்டாமல், பட்டியலோடு சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு முன்னால் அவை உள்ளே போய்ச் சேர வேண்டும். உள்ளே ஒவ்வொருவரும் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.